குசினித் தட்டுக்கு ஒரு கதவு
ஆடு, நாய், பூனை உள்ள வீட்டில் பொருளையும் பிராணியையும் காப்பது பற்றிய ஒரு பாடம்

வன்னியில் மீள்குடியேறிய கிராமம் ஒன்றிலே, மாரிகாலத்தில் ஒரு நாட்காலை, வயது முதிர்ந்த தாயார் ஒருவரின் வீட்டுக்குச் சென்றிருந்தோம். வீட்டுத்திட்டத்தில் கட்டிய இரண்டு அறை வீடு. குசினிச் சுவரோடு மேசன் வார்த்துக் கொடுத்த மூன்று சீமெந்துத் தட்டுகள். அவற்றின் முன்னால் பழைய சேலையொன்று திரையாகத் தொங்கியது. முதல் நாள் இரவு கடும் மழை. நனைந்து நடுங்கிய ஆடுகளை அவர் குசினிக்குள் கட்டியிருக்கிறார். கயிற்றை அறுத்துக்கொண்ட ஆடொன்று சேலையை இழுத்தது. தட்டிலிருந்த விதைநெல் உரப்பை சரிந்து கொட்டுண்டது. அதனோடு சேர்ந்து பழைய பால்மா ரின் ஒன்றும் விழுந்து மூடி கழன்றது. அந்த ரின்னுக்குள் இருந்தது அவரது காணி உறுதி.

நாங்கள் போனபோது ஆடு வயிறு ஊதிக் கிடந்தது. அன்று மாலைக்குள் செத்துவிட்டது. உறுதியில் பாதிக்கு மேல் இல்லை. 2008இல் ஊரைவிட்டுப் புறப்பட்ட நாளிலிருந்து, 2009இல் செட்டிகுளம் முகாமுக்கு வந்து சேரும்வரை, அந்தக் கடதாசியைப் பொலித்தீனில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு திரிந்தவர் அவர். எஞ்சிய துண்டை எங்களிடம் காட்டிச் சொன்னார்: "சண்டைக்குள்ளாலை ஒரு துளி நனைய விடாமல் கொண்டு வந்தனான், சுவாமி. வீட்டுக்குள்ளை வைச்சுக் காப்பாற்றத் தெரியாமல் போச்சு."

அவருக்குத் தெரியாமற் போனது ஒன்றுமில்லை. மழையில் நனையும் ஆட்டை உள்ளே கட்டியது பிழையல்ல. உறுதியை ரின்னுக்குள் வைத்ததும் பிழையல்ல. தட்டுக்குக் கதவு இல்லை என்பதே குறை. ஒரே இரவில் விதைநெல், ஆடு, உறுதி ஆகிய மூன்றையும் அவர் இழந்தார். இரண்டு கதவுப் பலகையும் நான்கு பிணைச்சலும் இருந்திருந்தால் மூன்றும் தப்பியிருக்கும்.

எனவே இந்த இதழில், வளர்ப்புப் பிராணிகள் உள்ள வீட்டில் தட்டுக்கு நீடித்து நிற்கக்கூடிய கதவைத் தெரிவு செய்வது எப்படி என்பதைப் பாடமாக எடுத்துக்கொள்கிறோம். சிறிய விடயம்போலத் தோன்றும். ஆயினும் பொறுமையோடு வாசியுங்கள்.

1. ஏன் இப்போது இதைப் பற்றிப் பேசுகிறோம்?

1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறிய குடும்பங்கள் பல, இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாக நலன்புரி நிலையங்களில் வாழ்ந்தன. வன்னிக் குடும்பங்கள் ஒன்றல்ல, பல இடப்பெயர்வுகளைக் கண்டன. இத்தகைய வாழ்வில் அலுமாரி என்பதே கிடையாது. இருந்த பெட்டகத்தை விட்டுவிட்டு வந்தோம். கூடாரத்தில் பொருளெல்லாம் பைக்குள் இருந்தது. பை தலைமாட்டில் இருந்தது. முகாமில் ஆடு வளர்க்கவும் இடமில்லை.

பிறகு வீடு வந்தது. 2012இல் பெருமளவில் ஆரம்பமான இந்திய வீட்டுத்திட்டத்தில் வடக்குக் கிழக்கில் வீடொன்றைக் கட்ட 550,000 ரூபா வழங்கப்பட்டது. அத்திட்டமானாலும் வேறு திட்டமானாலும், பணம் அத்திவாரத்திலும் சுவரிலும் கூரையிலும் முடிந்துவிடுவதையே பல இடங்களில் கண்டோம். குசினித் தட்டு வார்க்கப்பட்டது. கதவு பிறகு பார்க்கலாம் என்று விடப்பட்டது. இதற்கிடையில் கோழி வந்தது, ஆடு வந்தது, காவலுக்கு நாய் வந்தது, எலிக்குப் பூனை வந்தது. பை தலைமாட்டிலிருந்து தட்டுக்குப் போனது. தட்டு மட்டும் திறந்தபடியே இருக்கிறது.

2. கதவு யாருக்கு எதிராக?

கதவைத் தெரிவு செய்யுமுன், எமது வீட்டில் உள்ள பிராணிகளின் சுபாவத்தை அறிய வேண்டும். எல்லாப் பிராணிகளும் ஒரே விதமாகக் கதவைச் சோதிப்பதில்லை.

ஆடு: பின்னங்கால்களில் எழுந்து நின்றால் மனிதரின் மார்பளவு உயரத்துக்கு அதன் வாய் எட்டும். துணி, கடதாசி, சாக்கு எதையும் இழுக்கும். கொளுக்கியை மூஞ்சியால் மேலே தள்ளித் திறக்கவும் பழகிக்கொள்ளும். ஆட்டுக்கு நேரும் ஆபத்து நமக்கு நேரும் நட்டத்திலும் பெரியது. அதன் முதல் இரைப்பை புல்லுக்கும் குழைக்கும் பழகியது. அரிசியையோ நெல்லையோ திடீரென்று பெருமளவில் தின்றால் அது உள்ளே விரைவாகப் புளித்து அமிலமாகும், வயிறு ஊதும், ஓரிரு நாளில் ஆடு சாகலாம். ஆகவே தட்டுக் கதவு ஆட்டுக்கும் ஒரு காவல்.

நாய்: மோப்பத்தைப் பின்பற்றும். கருவாடு கீழ்த்தட்டில் இருந்தால் கதவின் கீழ் விளிம்பையே நகத்தால் கீறும், உடலால் முட்டும். கடுவன் நாய் நிமிர்ந்து நிற்கும் எதன்மேலும் சிறுநீர் விடும். ஆதலால் கதவின் கீழ் ஒரு அடிப் பகுதி கீறலையும் ஈரத்தையும் தாங்க வேண்டும்.

பூனை: உயரம் பூனைக்குத் தடையல்ல. ஐந்தடி உயரத் தட்டுக்கும் பாய்ந்துவிடும். கதவு சரியாகப் பொருந்தாமல் விளிம்பு சற்று வெளியே நின்றால், அதில் நகத்தைக் கொழுவி இழுத்துத் திறக்கும். நைலோன் நுளம்பு வலையைக் கிழித்துவிடும்.

கோழி: கதவைத் திறக்காது, ஆனால் அலுமாரியின் தட்டையான மேற்பரப்பில் அடையும். எச்சம் கதவு வழியே வடியும். மேற்பகுதியைச் சரிவாக அமைத்தால், அல்லது கூரைவரை அடைத்துவிட்டால், இத்தொல்லை தீரும்.

எலி: இது நாம் வளர்க்கும் பிராணியன்று. ஆயினும் நாம் வளர்க்கும் பிராணிகளுக்கு வைத்த தவிட்டையும் சோற்றையும் தேடி வருவது. எலியின் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். ஆகவே அது கடித்துக்கொண்டே இருக்க வேண்டும். சுண்டெலிக்கு 6 மில்லிமீற்றர் இடைவெளி போதும். எலிக்குட்டிக்கு அரை அங்குலம் போதும். எலியின் சிறுநீர் மூலம் பரவும் எலிக்காய்ச்சல் உயிரையே கொள்ளக்கூடியது. 2008ஆம் ஆண்டில் இலங்கையில் 7,000க்கு மேற்பட்டோர் அந்நோயாளர்களாகப் பதிவாகினர். வயலில் நின்று உழைப்போரே அதில் முதலில் பாதிக்கப்படுவோர்.

"பூனை இருக்கிறதுதானே" என்று சிலர் கேட்பர். பூனை எலியைக் குறைக்கும், முற்றாக ஒழிக்காது. "எலி நஞ்சு வைக்கலாமே" என்பர் வேறு சிலர். நஞ்சுண்ட எலியைத் தின்று பூனையும் நாயும் கூகையும் மடியும். பிறகு எலியைப் பிடிப்பார் இல்லை. எலிக்கு உணவு கிடையாமல் செய்வதே நிலையான வழி. அதற்குக் கதவே கருவி.

3. எந்தப் பொருளில் கதவு?

கடையிலும் மரக்காலையிலும் பல வகைகள் காட்டுவார்கள். ஒவ்வொன்றையும் மூன்று கேள்விகளால் சோதிப்போம். நகத்தைத் தாங்குமா? ஈரத்தைத் தாங்குமா? பல்லைத் தாங்குமா? எமது பகுதிக்கு நான்காவதும் உண்டு: கறையானைத் தாங்குமா?

(அ) மரத்தூள் பலகை. மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்தது. பளபளப்பான மேற்றாள் ஒட்டியிருப்பதால் பார்வைக்கு அழகு, விலையும் குறைவு. ஆனால் நாயின் நகம் மேற்றாளைக் கீறியவுடன் ஈரம் உள்ளே போகும். பலகை ஊதிப் பிட்டுப்போல் உதிரும். திருகாணி ஒருமுறை கழன்றால் அந்த இடத்தில் மறுபடி பிடிக்காது. பிராணிகள் உள்ள வீட்டின் குசினிக்கு இது உகந்ததன்று.

(ஆ) ஒட்டுப்பலகை. மெல்லிய மரத்தகடுகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியது. சாதாரண வகை ஈரத்தில் தகடு தகடாகப் பிரியும். தண்ணீரைத் தாங்கும் பசையால் ஒட்டிய வகை நன்று. அதை வாங்கினாலும் வெட்டிய விளிம்புகள் அனைத்துக்கும் வர்ணம் பூசவேண்டும். ஈரம் புகுவது விளிம்பினூடாகவே. எலி கடிப்பதும் விளிம்பிலேதான்.

(இ) பிளாஸ்ரிக் கதவு. தண்ணீர் பாதிக்காது, கறையானும் அரிக்காது. கழுவுவது சுலபம். ஆனால் எலி கடிக்கும்; ஆடு முட்டினால் வெடிக்கும். எலித்தொல்லை குறைந்த வீட்டில், உயர்ந்த தட்டுக்குப் பொருந்தும்.

(ஈ) மரப்பலகை. வேம்பின் வைரம், பூவரசின் வைரம், தேக்கு, வைரமேறிய பனை ஆகியவை கறையானுக்கு எளிதில் இடங்கொடுக்காதவை. "வைரம்" என்ற சொல்லைக் கவனியுங்கள். வேம்பென்று சொல்லி, வெளுத்த வெளிப்பகுதியை அறுத்துத் தந்தால் பூச்சி விழும். பச்சை மரத்தில் செய்த கதவு சித்திரை வெயிலில் சுருங்கி இடைவெளி விடும். ஆகவே அறுத்த பலகையை இடையிடையே கட்டை வைத்து அடுக்கி, நிழலில் சில மாதங்களாவது உலரவிடுங்கள். முதிரையும் பாலையும் சிறந்த மரங்களே. எனினும் காட்டு மரத்தை அனுமதிப்பத்திரமின்றி வெட்டுவதும் ஏற்றுவதும் குற்றம். அத்தகைய மரத்தை மலிவாகத் தருகிறேன் என்பவரிடம் வாங்கி வழக்கில் சிக்க வேண்டாம். இடிந்த வீட்டின் பழைய கதவு, யன்னல், வளை ஆகியன உங்களுடையதாக இருந்தால், நன்கு உலர்ந்த அம்மரத்தைவிடச் சிறந்தது இல்லை.

(உ) தகரம் பொதிந்த மரச்சட்டம். இதையே நாம் பெரும்பாலும் சிபாரிசு செய்கிறோம். இரண்டு அங்குல அகலமும் ஒரு அங்குலத் தடிப்பும் உள்ள சட்டத்தால் கதவின் எல்லையை அமைத்து, அதன்மேல் நாகம் பூசிய தட்டைத் தகரத்தை அடிப்பது. நகம் கீறினாலும் உள்ளே போகாது. எலியின் பல்லுக்கு மட்டமான தகரத்தில் பிடி கிடையாது. சிறுநீரைத் துடைத்துவிடலாம். தகரத்தின் விளிம்பைக் கட்டாயம் மடித்து அடிக்க வேண்டும். மடியாத விளிம்பு பிள்ளையின் கையையும் பூனையின் காலையும் வெட்டும்.

(ஊ) கம்பிவலைக் கதவு. சமைத்த உணவுக்கும், வெங்காயம், மரக்கறிக்கும் காற்று வேண்டும். அத்தட்டுக்கு வலைக்கதவு நல்லது. ஆனால் கோழிவலை போதாது. அதன் கண்ணால் எலி தாராளமாகப் போகும். கால் அங்குலத்துக்கு மேற்படாத கண்ணுள்ள, நாகம் பூசிய கம்பிவலையையே கேட்டு வாங்குங்கள். கதவின் கீழ்ப்பாதி தகரமும் மேற்பாதி வலையுமாகச் செய்தால் நாயின் நகத்துக்கும் பதில், காற்றுக்கும் வழி.

4. நிலையும் இடைவெளியும்

நல்ல கதவைச் செய்து பொருந்தாத நிலையில் மாட்டினால் செலவு வீண். சீமெந்துத் தட்டுக்குக் கதவு போடும்போது பின்வரும் ஒழுங்கைக் கடைப்பிடியுங்கள்.

முதலில் உட்புறத்தைப் பாருங்கள். தட்டுக்கும் சுவருக்கும் இடையில் வெடிப்பு உண்டா? சுவரில் ஓட்டை உண்டா? அவற்றைச் சீமெந்துச் சாந்தால் அடையுங்கள். பெரிய ஓட்டையாயின் கம்பிவலைத் துண்டைச் சுருட்டித் திணித்துவிட்டுச் சாந்து பூசுங்கள். பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு முன்கதவைப் பூட்டுவதில் பயனில்லை.

இரண்டாவதாக, வாயைச் சுற்றி மரநிலை ஒன்றைத் திருகாணியால் சுவரோடு பொருத்துங்கள். அந்நிலையின் உட்பக்கம் சுற்றிவர அரை அங்குலச் சட்டமொன்றை அடியுங்கள். கதவு மூடும்போது அதில் வந்து தங்கும். இச்சட்டம் இருந்தால், கதவுக்கும் நிலைக்கும் இடையிலுள்ள வெடிப்பு நேராக உள்ளே போகாமல் மறிக்கப்படும். மழைகாலத்தில் மரம் பருக்கும் என்பதால் கதவைச் சுற்றிச் சிறிய இடைவெளி விடத்தான் வேண்டும். அதை மறைப்பது இச்சட்டமே.

மூன்றாவதாக, இரட்டைக் கதவாயின் இரண்டும் சந்திக்கும் நடுவில் ஒரு கதவின் விளிம்பில் மெல்லிய சட்டம் அடித்து, அது மற்றக் கதவை மேவும்படி செய்யுங்கள். பூனையின் நகம் கொழுவுவதும் சுண்டெலி நுழைவதும் இந்த நடு வெடிப்பினாலேயே.

நான்காவதாக, பென்சில் சோதனை. கதவை மூடிவிட்டுப் பிள்ளையின் பென்சில் ஒன்றை எடுங்கள். அது சுமார் 7 மில்லிமீற்றர் தடிப்பானது. எந்த வெடிப்பிலாவது பென்சில் உள்ளே போனால் சுண்டெலியும் போகும். அந்த இடத்தைக் குறித்துச் சரிசெய்யுங்கள். ஓடாவியார் கூலியை வாங்கிக்கொண்டு போகுமுன் இச்சோதனையைச் செய்துவிட வேண்டும்.

நிலையின் கால் மண்ணைத் தொடக்கூடாது. சீமெந்துக்கு மேலேயே நிற்கட்டும். கறையான் சீமெந்தின்மேலும் மண்புற்றுக் கட்டி ஏறும். ஆனால் ஏறுவது கண்ணுக்குத் தெரியும். மண்ணுக்குள்ளிருந்து நேரே மரத்துக்குள் போனால் தெரியாது.

5. பிணைச்சலும் கொண்டியும்

கதவு பழுதடைவது பெரும்பாலும் பலகையில் அன்று, பிணைச்சலிலேயே. மூன்றடிக்கு உட்பட்ட கதவுக்கு இரண்டு பிணைச்சல் போதும். அதற்கு மேற்பட்டால் மூன்று போடுங்கள். ஆணியால் அடிக்காமல் திருகாணியால் இறுக்குங்கள். நாய் முட்ட முட்ட ஆணி தளர்ந்து வெளியே வரும்.

மன்னார், முல்லைத்தீவு போன்ற கரையோரங்களில் உப்புக்காற்று இரும்புப் பிணைச்சலைக் கறள்கட்டித் தின்றுவிடும். அங்கே பித்தளை அல்லது கறள் பிடியாத உருக்கு நல்லது. பித்தளைப் பிணைச்சலுக்குப் பித்தளைத் திருகாணியே வேண்டும். இரும்புத் திருகாணி போட்டால் அது முன்னரிலும் விரைவாகக் கறளாகும்.

இழுத்துத் திறக்கும் கதவா, தள்ளி ஓடும் கதவா எனச் சிலர் கேட்பர். ஓடும் கதவு இடத்தை மிச்சப்படுத்தும். ஆனால் அதன் கீழ்த் தவாளிப்பில் ஆட்டுமயிரும் உமியும் மண்ணும் சேர்ந்து இறுகும். பலவந்தமாகத் தள்ளும்போது கதவு தடம்புரளும். பிராணிகள் உள்ள வீட்டுக்குப் பிணைச்சற் கதவே உகந்தது.

கொண்டியைப் பொறுத்தவரை, காந்தப் பிடிப்பு மட்டும் போதாது. பூனை திறந்துவிடும். மேலிருந்து விழும் கொளுக்கியை ஆடு மூஞ்சியால் தூக்கிவிடும். படுக்கையாக ஓடும் தாழ்ப்பாளைப் போடுங்கள். அதற்கும் வசதி இல்லையெனில் நடுவில் ஒரு திருகாணியில் இறுக்கமாகச் சுழலும் மரக்கட்டை போதும், செலவு சொற்பம். தாழ்ப்பாளின் உயரத்தை அங்கே நாள்தோறும் நின்று சமைப்பவரிடம் கேட்டுத் தீர்மானியுங்கள். பல வீடுகளில் ஓடாவியாரும் ஆண்களும் தமது தோளளவுக்குப் போட்டுவிட்டார்கள். சமைப்பவருக்கு எட்டாததால் கதவு திறந்தபடியே கிடக்கிறது.

இன்னொன்று: மூடுமுன் உள்ளே பாருங்கள். இருட்டான தட்டுக்குள் பூனை படுத்திருக்கும். இரவு முழுவதும் அடைபட்ட பூனை உணவையும் பாழாக்கித் தானும் துன்புறும்.

6. இன்னும் கொட்டிலில் இருப்போருக்கு

சீமெந்துத் தட்டும் சுவரும் எல்லோருக்கும் இன்னும் கிடைக்கவில்லை. கிடுகுச் சுவரிலும் தறப்பாளிலும் கதவு மாட்ட முடியாது. மண்சுவரை எலியும் அகிழானும் தோண்டிவிடும். அவ்வாறாயின் மூடியுள்ள தகரப் பரலையோ தகரப் பெட்டியையோ தட்டாகக் கருதுங்கள். நிலத்திலிருந்து அரை அடியாவது உயரக் கல்லோ கட்டையோ வைத்து அதன்மேல் நிறுத்துங்கள். மூடிக்கு இரண்டு காது வைத்துக் கம்பியால் கட்டுங்கள்.

விதைநெல்லை மூடிய பரலில் இடுவதாயின், ஈரப்பதன் 13 வீதத்துக்கு மேற்படாமல் நன்கு காயவைத்து, ஆறவிட்டே இடவேண்டும். கடித்தால் "டக்" என்று முறிய வேண்டும், நசியக் கூடாது. ஈர நெல்லை மூடினால் பூஞ்சணம் பிடித்து முளைதிறன் கெடும்.

எறும்புக்காகத் தட்டின் கால்களைத் தண்ணீர்ச் சிரட்டையில் நிறுத்துவது பழைய வழக்கம். ஆனால் அத்தண்ணீரில் டெங்கு நுளம்பு முட்டையிடும். தண்ணீருக்குப் பதில் சிறிது எண்ணெய் விடுங்கள். அல்லது வாரந்தோறும் ஊற்றிவிட்டுச் சிரட்டையை உரஞ்சிக் கழுவுங்கள்.

7. எதை எங்கே வைப்பது?

கதவு போட்டாயிற்று என்று எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைப்பதன்று.

மேல்தட்டு: உறுதி, காணி அனுமதிப்பத்திரம், பிறப்பு, இறப்பு, விவாகச் சான்றிதழ்கள். அடுப்புப் புகையும் சுவரின் ஈரமும் படாத பக்கமாக, மூடியுள்ள பெட்டிக்குள் வையுங்கள். பிரதிகளை வேறொரு வீட்டில், உறவினரிடம் வையுங்கள். உறுதி சிதைந்துவிட்டால் அதன் இலக்கத்தையாவது குறித்துக்கொண்டு காணிப் பதிவகத்தில் அத்தாட்சிப்படுத்திய பிரதிக்கு விண்ணப்பிக்கலாம். அனுமதிப்பத்திரமாயின் பிரதேச செயலகத்தை நாட வேண்டும்.

நடுத்தட்டு: அரிசி, மா, சீனி, பால்மா. கருவாட்டை இறுக மூடிய ரின்னில் இடுங்கள். மணம் வராவிட்டால் நாயும் வராது.

கீழ்த்தட்டு: பாத்திரங்கள். உணவு வேண்டாம். விறகைத் திணிக்கவும் வேண்டாம். தேளும் பாம்பும் சேரும்.

கிருமிநாசினியும் களைகொல்லியும் இத்தட்டுகள் எதிலும் இருக்கக் கூடாது. குசினிக்கு வெளியே, பூட்டுள்ள தனிப் பெட்டியில், வாங்கிய போத்தலிலேயே இருக்கட்டும். சோடாப் போத்தலில் ஊற்றி வைத்ததைப் பிள்ளை குடித்துவிடும். பூட்டு பிள்ளையையும் பிராணியையும் காக்கும். ஆனால் மனமுடைந்த ஒரு பெரியவரை அது காக்கும் என நம்பியிருக்க வேண்டாம். வடமத்திய மாகாணத்தில் 180 கிராமங்களில் நடத்திய ஆய்வொன்றின் முடிவு 2017இல் வெளியானது. பூட்டும் பெட்டி கொடுத்த ஊர்களில் நஞ்சருந்துதல் குறைந்ததாக அதில் காணப்படவில்லை. ஆகவே தேவைக்கு மட்டும் வாங்குங்கள். மிச்சத்தை வீட்டில் சேர்க்காதீர்கள். வீட்டில் எவராவது மனம் சோர்ந்திருந்தால் நஞ்சை வீட்டில் வைக்கவே வேண்டாம். அவரோடு பேசுங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தையும் அழைக்கலாம்.

8. செலவும் பராமரிப்பும்

மலிவு எது என்பதை விலையால் மட்டும் தீர்மானிக்காதீர்கள். உதாரணத்துக்கு, 6,000 ரூபாவுக்கு வாங்கிய மரத்தூள் கதவு இரண்டு வருடத்தில் உதிர்ந்தால் வருடத்துக்கு 3,000 ரூபா. 12,000 ரூபாவுக்குச் செய்த தகரம் பொதிந்த கதவு பன்னிரண்டு வருடம் நின்றால் வருடத்துக்கு 1,000 ரூபா. இரட்டை விலை கொடுத்தவரே சிக்கனமானவர். ஆயினும் 12,000 ரூபா ஒரேயடியாகக் கையில் இல்லாதவர் என்ன செய்வது? எல்லாத் தட்டுக்கும் ஒரே நாளில் கதவு போட வேண்டியதில்லை. உறுதியும் விதையும் இருக்கும் ஒரு தட்டுக்கு முதலில் போடுங்கள். மற்றவை அடுத்த அறுவடைக்குப் பிறகு. ஐந்தாறு வீட்டார் சேர்ந்து தகரத்தையும் கம்பிவலையையும் முழுத் துண்டாக வாங்கிப் பகிர்ந்தால் கழிவு குறையும். ஊரிலுள்ள ஓடாவியாருக்கும் தொடர்ந்து வேலை கிடைக்கும்.

மாதத்துக்கு ஒருமுறை திருகாணிகளை இறுக்குங்கள். பிணைச்சலுக்கு ஒரு துளி தேங்காய் எண்ணெய் விடுங்கள். நிலையின் அடியில் மண்புற்று ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். மாரிக்கு முன், புரட்டாதியில், மரச்சட்டத்துக்கு வர்ணம் பூசுங்கள். உணவுத் தட்டின் உட்புறத்தில் கழிவெண்ணெய் பூச வேண்டாம். அதன் நஞ்சு உணவில் படும். நாய்க்கும் பூனைக்கும் வெளியில் ஒரு தட்டு வைத்து நேரத்துக்கு உணவு கொடுங்கள். பசித்த பிராணியை எந்தக் கதவும் நெடுநாள் தடுக்காது.

நிறைவாக

அந்தத் தாயாரின் வீட்டுக்கு மறுபடியும் போயிருந்தோம். உறுதியின் எஞ்சிய துண்டில் இலக்கம் தப்பியிருந்தது. அதைக் கொண்டு பிரதி எடுத்திருக்கிறார். நடுத்தட்டுக்கும் மேல்தட்டுக்கும் கதவு வந்திருக்கிறது: பழைய வீட்டு யன்னலின் மரச்சட்டம், புதிய தகரம், மரக்கட்டைக் கொண்டி. கீழ்த்தட்டுக்கு இன்னமும் அந்தச் சேலைதான். வளவு மூலையில் ஆடுகளுக்கு உயர்ந்த தரையோடு ஒரு சிறு கொட்டிலும் இருந்தது. "இனி மழைக்கு அதுகள் அங்கை, நான் இங்கை" என்றார். பென்சில் இல்லாததால் ஈர்க்குக் கட்டொன்றைச் செருகிப் பார்த்தோம். நடு வெடிப்பில் போயிற்று. அவர் சிரித்துவிட்டு, ஓடாவியாரை மறுபடி கூப்பிடுவதாகச் சொன்னார்.

குழுவாகக் கலந்துரையாடுவதற்கு

1. இடப்பெயர்வில் நாம் எதை முதலில் கையில் எடுத்தோம்? அப்பொருள் இன்று வீட்டில் எங்கே இருக்கிறது? அதற்குக் கதவு உண்டா?
2. எமது ஊரில் எந்தப் பிராணியால் அதிக பொருள் பழுதாகிறது? அதற்கு எந்த வகைக் கதவு பொருந்தும்?
3. தாழ்ப்பாளின் உயரத்தை எமது வீட்டில் யார் தீர்மானித்தார்கள்?
4. தகரமும் வலையும் சேர்ந்து வாங்க விரும்பும் ஐந்து வீடுகள் எவை?

செய்து பாருங்கள்

இன்றிரவு படுக்குமுன் உங்கள் தட்டுக் கதவில் பென்சில் சோதனையைச் செய்யுங்கள். கதவே இல்லாதவர்கள், தட்டின் அகலத்தையும் உயரத்தையும் அளந்து ஒரு கடதாசியில் குறித்து வையுங்கள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது அக்கடதாசியைக் கொண்டு வாருங்கள்.